பதினொன்று ஐம்பத்தொன்பது

லிண்டென்
1971 மார்ச் 21, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் அந்த இருவரிடமும் வேண்டாம். படித்ததும் உன் பேக்கரி அடுப்பில் போட்டுவிடு. பதில் எழுதினால் வீட்டு முகவரிக்கு எழுதாதே. எங்கள் பள்ளி நூலகர் மிஸ் டெக்கின் வீட்டுக்கு எழுது. உறையின் மேல் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். அவர் பிரிக்க மாட்டார், கேட்டுவிட்டேன்.

என் அறைக் கதவில் இப்போது தாழ்ப்பாள் இல்லை. போருக்கு வரச் சொன்ன ராணுவ அழைப்பை நீ கிழித்துப் போட்டுவிட்டு எல்லையைத் தாண்டிய வாரமே அப்பா அதைக் கழற்றிவிட்டார். இந்த வீட்டில் இனி யாரும் கதவைச் சாத்திக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாதாம். அவர் தட்டுவதும் இல்லை, நேராகத் திறப்பார். அதனால் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து கைவிளக்கில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்த ஆண்டுதான் முதல் முறையாகச் சட்டமன்றத்தில் எடுபிடி வேலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். கடைசி வாரத்துக்கு அப்பா என்னைத் தலைநகருக்கு அழைத்துப்போனார். பத்திரிகையில் படம் கூட வந்தது. காகிதம் கொண்டுபோவது, காப்பி கொண்டுவருவது, சீட்டு கொடுப்பது, இதுதான் வேலை. எனக்குப் பிடித்திருந்தது, அண்ணா. உனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் பிடித்திருந்தது. அப்பா எழுந்து பேசினால் எதிர்க்கட்சிக்காரர்கள் கூடப் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை. நாடீன் என்ற பெண் அங்கே பரிமாறுவாள். எனக்கு மட்டும் ஆப்பிள் பை பெரிய துண்டாக வெட்டித் தருவாள். வெளியே அவ்வளவு பனியிலும் கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டுதான் நடப்பாள். "அடுப்படில பன்னெண்டு மணி நேரம் வேகுறேன். எனக்கு எதுக்குடி பொத்தான்?" என்பாள். அவளை விவாகரத்து செய்த கிளெட்டஸ் சாலைத் துறையில் வேலை செய்கிறான். தினமும் அங்கேதான் காப்பிக்கு வருவான்.

"இது காப்பியா? ரோட்டுல ஊத்துற தாரு மாதிரி இருக்கு."

"தாரு ஊத்துற ஆளுக்குத் தாருதான்டா கிடைக்கும்."

"இதுக்குத்தான்டி உன்னை விட்டு ஓடுனேன்."

"ஓடுன ஆளு தினமும் ஏன்டா வந்து நிக்குற?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை கூட்டத்தொடரின் கடைசி நாள். நள்ளிரவோடு சபை முடிந்தாக வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் நாற்பது மசோதாக்களுக்கு மேல் மீதி இருந்தன. அப்படி ஆனால் கடிகாரத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். வாசல்காவலர் ஏணியைக் கொண்டுவந்து தலைவர் நாற்காலிக்கு மேலே சுவரில் சாய்த்தார். ஏறுவது அப்பாவின் உரிமையாம், நான்கு கூட்டத்தொடராக அவர்தான் ஏறுகிறார். கையில் அவர் தேர்தலுக்கு வீடு வீடாகக் கொடுத்த கெஜக்கோல். "ஹோவ்லாண்ட்: நேராக அளப்பவர்" என்று அச்சடித்த அதே மரக்கோல். யாரோ பின்னாலிருந்து, "நேரா அளக்குறவரே, நேரத்தையும் அளந்து நிறுத்துங்க!" என்று கத்தினார். அப்பா கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, பதினொன்று ஐம்பத்தொன்பதில் பெரிய முள் நகராதபடி கோலைச் செருகினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனை மணி ஆனாலும் சபைக்குப் பதினொன்று ஐம்பத்தொன்பதுதான்.

மேசை இழுப்பறைகளிலிருந்து போத்தல்கள் வெளியே வந்தன. அப்பாவும் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "ஹோட்டல் ரூம்ல ஒரு போத்தல் இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன். ஓட்டு மணி அடிச்சா பச்சையை அமுக்கு. எல்லாரும் செய்யறதுதான்." பச்சை 'ஆம்', சிவப்பு 'இல்லை' என்று மேசையில் இருக்கும் ஓட்டு விசைகளின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மணி அடித்தது. சாலைத் தொழிலாளர் ஓய்வூதிய மசோதா. நான் பச்சையை அமுக்கினேன். முன்சுவர்ப் பலகையில் ஹோவ்லாண்ட் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. பயமாக இருந்ததால் நீ விட்டுப்போன கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்துநான்கு. மேலே பார்வையாளர் மாடத்தில் ஒரே ஒரு ஆள், மூன்றாவது வரிசையில் கிளெட்டஸ். மசோதா நிறைவேறியதும் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்து ஆட்டினான். நானும் கை ஆட்டினேன்.

அப்பா திரும்பி வந்தபோது ஒன்று பத்து இருக்கும். கையில் போத்தல் இல்லை. கால்சட்டையின் இரண்டு முழங்காலும் நனைந்து சேறாக இருந்தன. இரண்டரைக்குச் சபை கலைந்தது. கார் முகப்பு விளக்கு ஒன்று உடைந்திருந்தது. "மான் குறுக்க வந்துருச்சு" என்றார். ஹோட்டலுக்கு ஆற்றோரச் சாலையில் போகாமல் மேட்டுச் சாலையில் சுற்றிக்கொண்டு போனார்.

காலையில் வானொலியில் சொன்னார்கள். பன்னிரண்டரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஆற்றோரச் சாலையில் வீட்டுக்கு நடந்த நாடீனைக் கார் அடித்துவிட்டது. இரண்டு மணிக்குப் பால் வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இன்னொன்றும் பத்திரிகையில் இருந்தது. அவள் கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் கழுத்துவரை போடப்பட்டிருந்தன. யாரோ இறங்கி வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளை நன்றாகத் தெரிந்தவன்தான் அப்படிச் செய்வான் என்று ஷெரிஃப் சொல்கிறார். கிளெட்டஸைப் பிடித்துவிட்டார்கள்.

அண்ணா, நான் என்ன நினைக்கிறேன் என்று எழுத முடியவில்லை. நீ சொல்லு, மானாக இருக்கலாம் இல்லையா?

உன் தங்கை
சிக்னி


வின்னிபெக்
மார்ச் 30

சிக்னிக் குட்டி,

இல்லை. மானாக இருக்க முடியாது. மானுக்கு முன்னால் யாரும் முழங்கால் போட மாட்டார்கள்.

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். அதற்கு முன்னால் நான்கு முறை படித்தேன். மாவு பிசைந்துகொண்டே ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து, "என்னப்பா, ரொட்டிக்கு உப்பு போட்டியா கண்ணீர் விட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுகிறேன். அது எப்போதும் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடும். அதனால் நீ பச்சையை அமுக்கியது பன்னிரண்டு நாற்பத்தெட்டு. இதை எங்காவது எழுதி வை. தினமும் சாவி கொடுக்கிறாய்தானே?

அந்தக் கெஜக்கோல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. அப்பா தானியக் கிடங்கில் எடை போடுபவராக இருந்தார். ஒரு அறுவடையில் முதலாளி வந்து, எடை மேடையை விவசாயிக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்படி திருகச் சொன்னார். அப்பா மாட்டேன் என்றார். அன்றைக்கே வேலை போனது. மாவட்டம் முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. ஐம்பத்தெட்டுத் தேர்தலில் அவரை நிற்கச் சொன்னதே அந்த விவசாயிகள்தான். வீடு வீடாகப் போனோம். கோல்களை நான்தான் கட்டாகச் சுமந்தேன், எனக்குப் பத்து வயது. "பயலே, உங்கப்பன் நேரா அளப்பாரா?" என்று கேட்பார்கள். "என்னை அளந்து பாருங்க" என்று விறைப்பாக நிற்பேன். சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பேருந்து வந்தது, மாவட்ட மருத்துவமனைக்குக் கூரை வந்தது, எல்லாம் அவர் செய்தது. இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அதே ஆள்தான் அறுபத்தொன்பதில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு மகள் மட்டும்" என்றார்.

அடுத்த தேர்தலுக்குப் பிறகு அவர் அவைத் தலைவர் ஆகப்போகிறார் என்று இங்கே வரும் பழைய பத்திரிகையில் பார்த்தேன். ஆகட்டும். அதற்கு முன்னால் கிளெட்டஸின் வக்கீல் யார் என்று கண்டுபிடி. எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. பயப்படாதே. உண்மையைச் சொல்ல எதற்குப் பயம்? ஊர் முழுக்கத் தெரியட்டும், அந்தக் கோல் எதை அளந்தது என்று.

ஹால்வர்


லிண்டென்
ஏப்ரல் 8, வியாழன்

அண்ணா,

பயப்படாதே என்று எழுதுவது உனக்குச் சுலபம். உனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நாட்டு எல்லை இருக்கிறது. எனக்கு ஒரு மரக்கதவு, அதுவும் தாழ்ப்பாள் இல்லாதது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசி வரியில் கிளெட்டஸ் இல்லை. நாடீனும் இல்லை. நீ மட்டும்தான் இருந்தாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கிளெட்டஸ் ஷெரிஃபிடம், தான் அந்த நேரத்தில் சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் இருந்ததாகவும், ஓய்வூதிய மசோதா நிறைவேறியதைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு மேல்தான் கிளம்பியதாகவும் சொல்லியிருக்கிறான். ஷெரிஃப் அவைக் குறிப்பேட்டை வரவழைத்துப் பார்த்தாராம். சபை பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கலைந்தது என்று அதில் இருக்கிறது. ஒரு மணிக்கு அங்கே சபையே இல்லை. அதனால் கிளெட்டஸ் சொல்வது பொய் என்று முடிவாகிவிட்டது. அவன் லாரியின் முன்பக்கம் வேறு நசுங்கியிருக்கிறது. சாலைத் துறை லாரியில் எது நசுங்காமல் இருக்கும்? கடையில் அவர்கள் இருவரும் தினமும் சண்டை போடுவதைப் பார்த்ததாக இரண்டு உறுப்பினர்கள் சொல்லிவிட்டார்கள். அது சண்டை இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர்கள்தான்.

சபையில் அன்று நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் உண்மை மணி தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது.

நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறை மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"சிக்னி, சபையில கடிகாரம் எங்க இருக்கு?"

"தலைவர் நாற்காலிக்கு மேல."

"கடைசி ஓட்டு நடந்தப்ப அது என்ன மணி காட்டுச்சு?"

"பதினொன்னு அம்பத்தொம்பது."

"அதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா."

"யாராவது கேட்டா அதைச் சொன்னா போதும். உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லல."

அவரே தொடர்ந்தார். "கடிகாரம் நின்னதுக்கு அப்புறம் நாப்பத்தோரு மசோதா போச்சு. உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்ற மானியம், முதியோர் இல்லம், அந்த கிளெட்டஸோட பென்ஷன், எல்லாம் அதுலதான் இருக்கு. நடுராத்திரி தாண்டி ஓட்டு நடந்துச்சுன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணிட்டாப் போதும், எவனாவது கோர்ட்டுக்குப் போவான், அத்தனையும் செல்லாமப் போயிடும். புரியுதா?"

"அப்ப கிளெட்டஸ்?"

"அவனுக்கு வக்கீல் இருக்கான்."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "மான்னா மான்தான்டி. தோண்டாத" என்றாள். திரும்பவே இல்லை. கார் விளக்கை அவர்கள் மறுநாளே மாற்றிவிட்டார்கள். துணியைத் துவைத்தது அம்மாதான். முழங்காலில் இருந்த சேறு அவள் கையில்தான் போயிருக்கும்.

அப்பா எழுந்து வந்து என் மணிக்கட்டைத் திருப்பினார். உன் கடிகாரம். காதருகே வைத்துக் கேட்டார்.

"இது யாருது?"

"தெரியும்லப்பா."

"நல்லா ஓடுது" என்றார். அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு, வெளியே குளிர்கிறது என்று சொல்லி, என் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுவிட்டார். எப்போதும் போடுவாரே, அதே மாதிரி. குனிந்து, மெதுவாக, கடைசிப் பொத்தானுக்கு முகவாயை இரண்டு விரலால் தூக்கி.

அண்ணா, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் போகும் வழியில் எல்லாப் பொத்தானையும் கழற்றிவிட்டேன். நாளை பெரிய வெள்ளி. தேவாலயத்தில் அவர் வேதம் வாசிக்கப்போகிறார். நான் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

சிக்னி


வின்னிபெக்
ஏப்ரல் 17

சிக்னி,

நீ எழுதியது சரி. கடைசி வரியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

உனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது, அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுவதற்கு முன்பே, எனக்குள் ஏதோ துள்ளியது. சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைத் தலைப்புகளை மனதில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பனியில் ஒரு மணி நேரம் கிடந்து செத்திருக்கிறாள், நான் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் நான் சொன்னதை மறந்துவிடு. என் பழியைத் தீர்க்க உன் கையை இரவல் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

நானே வக்கீலுக்கு எழுதலாமா என்று பார்த்தேன். ராணுவத்துக்குப் பயந்து ஓடிய மகன், தகப்பன் மேல் அவதூறு எழுதுகிறான் என்பார்கள். படிக்கக் கூட மாட்டார்கள். போன ஞாயிறு பேருந்து ஏறி எல்லைச் சாவடி வரை போனேன். நேரில் வந்து உன்னோடு நின்றால் என்ன என்று. சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து மூன்று காப்பி குடித்தேன். அந்தப் பக்கம் கால் வைத்ததும் கைவிலங்கு. நான்காவதையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உன் அண்ணன் இவ்வளவுதான்.

பொத்தான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் கிளம்பிய அன்று, பிப்ரவரியில், விடிவதற்கு முன்னால், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். அவர் கீழே வாசலருகே நின்றுகொண்டிருந்தார். சபை விடுமுறைக்கு வந்திருந்தார் என்பதை மறந்துவிட்டேன். என் பையைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். குனிந்து என் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து கழுத்துவரை போட்டுவிட்டார். கதவைத் திறந்துவிட்டார். எல்லை வரைக்கும் அந்தக் கோட்டைக் கழற்றாமல் அழுதுகொண்டே போனேன். அப்பா என்னைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

ஒன்பதாவது நாள்தான் பத்திரிகையில் "எனக்கு ஒரு மகள் மட்டும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, சிக்னி. கெட்டவராக இருந்தால் இறங்கியே இருக்க மாட்டார். இறங்கினார், முழங்கால் போட்டார், அவளுக்குக் குளிரக் கூடாது என்று நினைத்தார். பிறகு எழுந்து சபைக்குப் போனார். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் என் தங்கைதான். எழுதாதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதையும் சொல்ல முடியவில்லை. கிளெட்டஸுக்கு என்ன வயது?

ஹால்வர்


லிண்டென்
மே 4, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணா,

கிளெட்டஸுக்கு நாற்பத்தொன்று.

இந்தக் கடிதத்தையும் எரித்துவிடு என்று எழுத வந்தேன். பிறகு யோசித்தேன், வேண்டாம். வைத்துக்கொள்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை கிளெட்டஸை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவனுடைய வக்கீலே சொல்லிவிட்டாராம். மாடத்தில் இருந்தேன் என்ற கதையை எந்த ஜூரியும் நம்பாது, ஒப்புக்கொண்டால் எட்டு ஆண்டு, இல்லாவிட்டால் இருபது. இதெல்லாம் மிஸ் டெக் நூலகத்துக்கு வரும் தலைநகர்ப் பத்திரிகையில் படித்தேன். படமும் இருந்தது. அவன் கையில் தொப்பி இருந்தது. அதே தொப்பி.

போன வாரம் திங்கட்கிழமை எழுத ஆரம்பித்தேன். முதலில் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். மணியை மட்டும் எழுதினால் என்ன? சபை நள்ளிரவைத் தாண்டி நடந்தது, பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு மூன்றாவது வரிசையில் கிளெட்டஸைப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு வக்கீல் கேட்கக்கூடிய முதல் கேள்வி எனக்கே தெரிந்தது. நிமிடக் கணக்கு உனக்கு எப்படி நினைவிருக்கிறது, பெண்ணே? ஏனென்றால் பச்சையை அமுக்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். யாருடைய பச்சையை? அங்கேயே முடிந்துவிடுகிறது. மணியை இழுத்தால் நாற்காலி வருகிறது. நாற்காலியில் அவர் இல்லை.

அந்தத் தாளைக் கிழித்தேன். இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. பள்ளி மானியத்தை நினைத்தேன். முதியோர் இல்லத்தில் இருக்கும் கிழவர்களை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். மிஸ் டெக் ஒரு நாள் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே, "என்னம்மா, கோட்டுப் பொத்தானே போட மாட்டேங்குற, குளிரலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கதவில் 'மூடப்பட்டது' என்ற பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, ஒரு கட்டுத் தாளும் பேனாவும் என் முன்னால் வைத்துவிட்டு, அலமாரிகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

எல்லாவற்றையும் எழுதினேன். ஏணி, கோல், சாவி, பச்சை விளக்கு, தொப்பி, முழங்கால், உடைந்த விளக்கு, மேட்டுச் சாலை. உன் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்குவதையும் எழுதினேன். அப்பா எனக்குப் பொத்தான் போட்டுவிட்டதைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அது எனக்கும் உனக்கும்தான் தெரியும். அது நீதிமன்றத்துக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை மிஸ் டெக் அதைக் கிளெட்டஸின் வக்கீலுக்குத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை கட்சிக்காரர்களின் விருந்துக்கு எங்களையும் அழைத்துப்போனார். அவரை அடுத்த அவைத் தலைவர் என்று அறிவித்துக் கைதட்டினார்கள். ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, "உங்கப்பன மாதிரி ஆள் இந்த மாநிலத்துக்கு இன்னும் பத்துப் பேர் வேணும்மா" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அனுப்பிய உறை அப்போது எந்தத் தபால் பையில் இருந்ததோ.

இன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தாள். "தலைநகர்லேர்ந்து, யாரோ வக்கீலாம். சிக்னியைக் கேக்குறாங்க" என்றாள். நான் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"சிக்னி சாப்பிடுறா. நான் அவ அப்பா. சொல்லுங்க" என்றார்.

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கில் ஆவி அடங்கிப்போகும் வரை கேட்டார். கடைசியில், "ஆமா. அது அவ எழுதுனதுதான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திரும்பி மேசைக்கு வரவில்லை. கொக்கியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். காரைக் கிளப்பவில்லை. அம்மா அவர் தட்டை ஒரு மூடியால் மூடி அடுப்பின் மேல் வைத்தாள். போகும்போது என் தலைமேல் ஒரு நொடி கையை வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் காருக்குள் அவர் தலை தெரிகிறது. இன்றைக்கு நான் அலமாரிக்குள் உட்காரவில்லை. மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனால் அவரைப் பார்த்துப் பயமா, அவருக்காகப் பயமா என்று பிரிக்க முடியவில்லை. நீ சொன்னது சரி, இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். உன்னை வாசலில் விட்டார். அவளைச் சாலையில் விட்டார். எனக்கும் பொத்தான் போட்டுவிட்டார். என்னை எங்கே விடுவார் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாள் படுத்திருந்தேன்.

கார்க் கதவு சாத்தும் சத்தம்.

சமையலறையில் விளக்கு எரிகிறது. அம்மா ஏதோ சொல்கிறாள். படியேறுகிறார். ஆறாவது படி கிறீச்சிடும், உனக்குத் தெரியுமே. கிறீச்சிட்டது. நேராகத் திறந்து உள்ளே வரட்டும். இந்தத் தாளை மறைக்கப்போவதில்லை, அவர் கையிலேயே கொடுத்துவிடப்போகிறேன்.

என் அறை வாசலில் நிற்கிறார். கீழ் இடுக்கில் நிழல் தெரிகிறது. திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? மூச்சு விடுவது கூடக் கேட்கிறது.

அண்ணா, அப்பா கதவைத் தட்டுகிறார்.